மாடி ஏற வேண்டிய சைக்கிள்

என் சைக்கிள் கனம். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஏறி மிதிக்கிறவள் நான். ஆனால் அது வரும்போது கனமாக வரவில்லை. கனமாக்கினது எங்க வூட்டுக்காரர்.

அவர் நிலக்கரி மைன்ஸில் வெல்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனதும் எங்க குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு, மகளுக்கு அலாட் ஆன மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். மகளுக்கு அதே கம்பெனி ஆபீஸில் பர்மனென்ட் வேலை. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. எதிர் வீட்டில் ஒரு வடக்கத்திப் பெண் குடியிருந்தது. ட்ரெயினியாக வந்த இன்ஜினியர். லீவு விட்டால் போதும், சைக்கிளின் இரண்டு பக்கமும் பையைக் கட்டிக்கொண்டு பாண்டிச்சேரி, தரங்கம்பாடி என்று கிளம்பிவிடும். டூரிங் சைக்கிள் என்று அதற்குப் பேர். ஊர் சுத்துவதற்கென்றே செய்து விற்கிறார்களாம். பச்சைக் கலர். ஒல்லி ஒல்லியான ஸ்டீல் குழாய். நடுக்கம்பி சாய்ந்து வரும், புடவைக்குத் தோது. அந்தப் பெண் வெளியூர் போய்த் திரும்பியதும் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, போனில் பேசிக்கொண்டே மாடி ஏறும். மூச்சுகூட வாங்காது.

மாற்றலாகிப் போகும்போது அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஏன் உனக்கு என்று மகள் கேட்டாள். பிளாக்கில் எல்லாரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார்கள், சைக்கிளைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், அதனால் என்றேன்.

எனக்குச் சைக்கிள் புதிதில்லை. கான்ட்ராக்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன காலத்திலிருந்து நான் போன இடமெல்லாம் சைக்கிளில்தான் போயிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், சைக்கிள் கூட்டாமலே வரும். இப்போது எனக்கு வேலை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை மட்டும் வடலூருக்குப் போவேன். வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிற இடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருவேன். பூசணிக்காய் என்னுடையது. தோலைச் சீவினால் வளையம் அறுபடாமல் வரும். என் அரிவாள்மணையை நானே கேரியரில் கட்டிக்கொண்டு போவேன், அடுத்தவர் மணையில் எனக்குக் கை ஓடாது. நான் போகாத வாரம் பூசணிக்காயைக் கத்தரிக்காய்க்காரிகள் நறுக்கி, துண்டு ஒன்றுக்கொன்று சேராமல், பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருந்ததாக எனக்குச் சேதி வரும்.

பஸ்ஸில் போகலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். போகலாம். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் மாப்பிள்ளை பைக்கில் கொண்டு விடுவார், வரும்போது கூட்டி வருவார். அப்படிப் போனால் அது அவர் கொண்டு விட்டது. நான் போனது ஆகாது.

இனிமேல் கனத்துக்கு வருகிறேன்.

மைன்ஸ் வெல்டருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். உடைந்த இடத்தில் தகடு வைத்து வெல்டு அடிப்பது. உடையாத இடத்தில், உடைந்துவிடப் போகிறது என்று தகடு வைத்து அடிப்பது. மண் வெட்டுகிற மெஷினுக்கு அது சரி. அது ஒரு தெரு நீளம் இருக்கும், அதற்கு என்ன வைத்தாலும் தாங்கும். எங்க வூட்டுக்காரர் என் சைக்கிளையும் அப்படித்தான் பார்த்தார். முதல் வாரம் நான் வடலூரிலிருந்து வந்ததும், கேரியர் கம்பி குச்சி மாதிரி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போனார். கூட வேலை பார்த்த ஒருவர் டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், எங்க வூட்டுக்காரருக்கு இப்போது ஆபீஸ் அதுதான். கேரியருக்கு அடியில் இரும்பு ஆங்கிள் வந்தது, பின்னால் ஒரு சிவப்புத் தகடு வந்தது. சாய்த்து நிறுத்துகிற ஒற்றைக்கால் போய் இரண்டு கால் ஸ்டாண்டு வந்தது. ஒரு தடவை லாரி ஒன்று என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது, மட்கார்டு இரண்டும் தகரத்தில் வந்தன. பக்கத்து பிளாக்கில் யாரோ ஒருவருடைய சைக்கிளில் முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, என் இரண்டு சக்கரத்தின் அச்சிலும் தகடு வைத்து அடைத்து அடித்துக்கொண்டு வந்தார். பிரேமை அறுத்தால்தான் இனிமேல் இந்தச் சக்கரத்தை எடுக்க முடியும் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்கிறவர் செய்யட்டும், மிதிக்கிற கால் என்னுடையது, அதற்குத் தெம்பு இருந்தது.

கீழே நிறுத்தி வைக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. படிக்கட்டு அடியில்தான் நிறுத்துவேன். கீழ்வீட்டுக்காரம்மா மதுரைப் பக்கம். கோலம் போடுகிற இடம் போகிறது என்று ஆரம்பித்தார். கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். பிள்ளைகள் இடித்துக்கொள்கிறார்கள் என்றார். சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். ஒரு நாள் ஸ்டாண்டு வழுக்கி அவருடைய துளசி மாடத்தில் சாய்ந்தது. மாடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, விளிம்பில் கொஞ்சம் சிமெண்டு பேர்ந்தது. அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை, மகள் ஆபீஸிலிருந்து வருகிற நேரம் பார்த்து நின்றார்.

"ஒங்க அம்மா சைக்கிளுக்குத் தனியா ஒரு குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணச் சொல்லிக் கேளுங்கம்மா. ரெண்டு ரூமு போதும்."

மகளுக்கு இந்த மாதிரிப் பேச்சு ஆகாது. சைக்கிள் இனிமேல் வீட்டுக்குள்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை நல்ல மனுஷர். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், நான் பார்த்துக்கறேன் அத்தை என்று ஒரே தூக்காகத் தூக்கினார். பாதிப் படியில் ஒரு சத்தம் கேட்டது. சைக்கிளிலிருந்து வரவில்லை, மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. சைக்கிளை அங்கேயே சுவரில் சாய்த்துவிட்டு, அவரை நானும் மகளும் மேலே கூட்டிப் போனோம். பிறகு எங்க வூட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து சைக்கிளை இறக்கினார்கள். கீழ்வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே அந்தக் கேரியரை ரொம்ப நேரம் பார்த்தார்.

மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தார். மகள் அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே எனக்குத் தீர்ப்புச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் எனக்கு அது முடிவென்று தெரிந்தது.

"இனிமே அதை யாரும் தூக்கக் கூடாதும்மா. உன் வண்டி, நீ தூக்கு. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள நீயே மேல கொண்டாந்தா வச்சிக்க. இல்லன்னா நம்ம பிளாக்கைப் பெருக்க வர்ற அக்காவுக்குக் குடுத்துடுவேன். அவங்க வூட்டுக்கு மாடி இல்ல."

நான் சரி என்றேன். அவள் எதிர்பார்த்தது அது இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

அன்று மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கும்போது போய்த் தூக்கிப் பார்த்தேன். பின் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. முன் சக்கரமும் எழுந்தது. இரண்டும் சேர்ந்து எழவில்லை. பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் தூக்கியிருக்கிறேன், சின்ன வயதில். பழத்துக்குக் கை கால் கிடையாது, அணைத்துத் தூக்கலாம். இதை எங்கே அணைத்தாலும் ஒரு தகடு குத்தியது. சரி, கனத்தைக் குறைத்துவிட்டுத் தூக்குவோம் என்று வந்துவிட்டேன்.

இதில் மகள் ஒரு உதவி செய்தாள். செய்யாமல் இருந்திருக்கலாம். அவளுக்கும் மனம் கேட்கவில்லை போல, மறுநாள் ஆபீஸிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் பட்டறையில் இருந்தார். அங்கே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும், அவருடைய காதும் கரி பெல்ட் ஓடுகிற இடத்தில் முப்பது வருஷம் நின்ற காது. அம்மா சைக்கிளைக் கொஞ்சம் லைட் பண்ணிக் குடுங்கப்பா என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு அது நன்றாகவே கேட்டிருக்கிறது.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பிடிக்கு முன்னால், பெரிய வண்டியில் இருக்கிற மாதிரி ஒரு விளக்கு. அதைத் தாங்க ஒரு ஆங்கிள். ஆங்கிளைத் தாங்க ஒரு தகடு. கேரியரில் ஸ்கூட்டர் பேட்டரி, அது ஆடாமல் இருக்க நாலு பக்கமும் பட்டை அடித்த ஒரு பெட்டி.

"இன்னாங்க இது?"

"லைட்டு."

"எதுக்கு?"

"உன் பொண்ணுதான் போன் பண்ணி லைட் பண்ணச் சொன்னா. பண்ணிட்டேன். போட்டுப் பாக்கறியா?"

போட்டுக் காட்டினார். எதிர் பிளாக் சுவரில் ஒரு பல்லி இருந்தது, அது அந்த வெளிச்சத்தில் வழி தெரியாமல் நின்றுவிட்டது. நான் போவதும் பகல், வருவதும் பகல். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மனுஷர் முகம் அப்படி இருந்தது.

மகள் வந்து பார்த்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லைட்டு என்றால் கனம் கம்மி என்று அர்த்தம் என அப்பாவுக்கு எடுத்துச் சொன்னாள். கனம் கம்மி பண்ணு என்று சொல்வதற்கு என்ன, நாக்கு தேய்ந்துவிடுமா என்று அவர் கேட்டார். அதில் எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. மாப்பிள்ளை உள்ளே படுத்துக்கொண்டு சிரித்து, இடுப்பு வலித்து, சிரிப்பை நிறுத்தினார்.

மறுநாள் பழைய பேப்பர் கடையில் தூக்குத் தராசு இருக்கிறதே என்று கொண்டு போய் மாட்டச் சொன்னேன். கடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, இரும்பாகப் போடுவதென்றால் நல்ல விலை வரும் என்றார். போடுவதற்கு வரவில்லை என்றேன். பிறகு எதற்கு வந்தீர்கள் என்றார். தெரிந்துகொள்ள என்றேன். தெரிந்துகொண்டேன். ஒரு முழு சிலிண்டர் கனம். காலி சிலிண்டர் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம், நீங்கள் போட்டதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். ஸ்ட்ராங்கு போயிடும் என்றார். போனால் போகட்டும் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய் பால்கனியில் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் வீட்டு பால்கனியில் துணி காயும், ஈரப் பாவாடைக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். கேட்டதையே இரண்டு தடவை கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. மறுநாள் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

பஜாரில் பாய் கடைதான் எனக்கு வழக்கம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேதான் பஞ்சர் ஒட்டிக்கொள்கிறேன். இவர் வாய்க்காரர். வா ஆயா என்றார். உன் ஆயா இல்லை நான் என்றேன். சரிம்மா, வாங்கம்மா என்றார். விஷயத்தைச் சொன்னேன். சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்தார், விளக்கைத் தட்டிப் பார்த்தார், பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"இதுல பெல்ட் மட்டும் மாட்டினா கரி அள்ளலாம்மா."

அலுமினிய ரிம் போடலாம், கைப்பிடி மாற்றலாம், சீட்டு மாற்றலாம் என்று கடையில் இருக்கிறதையெல்லாம் சொன்னார். எதையும் போட வரவில்லை, எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அப்படியானால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, சைக்கிளை விட்டுவிட்டு நீங்கள் இளைத்துவிடுங்கள் என்றார். நீ முதலில் இளை, நான் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். அவருடைய தொப்பை அப்போது பெடலுக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு வேலை பார்த்தார்.

விளக்கு கழன்று வந்தது. பேட்டரி, பெட்டி, பட்டை எல்லாம் வந்தது, நட்டு போட்டிருந்ததால். தகர மட்கார்டு வந்தது. கழற்றிப் போட்டதைப் பார்த்தால் அதிலேயே இன்னொரு சைக்கிள் செய்யலாம். செயின் கவரை மட்டும் நான் விடவில்லை, புடவை மாட்டும். அரிவாள்மணையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்றார். அது சைக்கிளில் சேர்த்தி இல்லை என்றேன். ஸ்டாண்டும், கேரியரின் ஆங்கிளும், சக்கரத்து அச்சும் வெல்டு. அதில் கை வைக்க மாட்டேன் என்றார்.

ஆனால் அச்சைப் பார்த்ததும் ஆள் குனிந்தவர் நிமிரவில்லை. துணி போட்டுத் துடைத்தார். தகட்டுக்கு அடியில் ஒரு சின்ன லீவர் மாதிரி ஏதோ மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிச் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரே வேண்டாமாம். அந்த லீவரை விரலால் மடக்கினால் சக்கரம் தனியாகக் கையில் வந்துவிடுமாம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில், ரயிலில் அப்படித்தான் பிரித்துக் கொண்டு போவார்களாம். அந்த லீவர் மேலேதான் எங்க வூட்டுக்காரர் தகடு வைத்து அடித்திருக்கிறார், முன்னாலும் பின்னாலும்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. மகள் நீயே கொண்டு வா என்றாள். ஒரே தடவையில் கொண்டு வா என்று சொல்லவில்லை.

அறுத்துக் கொடு பாய் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வெல்டு உள்ளே நன்றாக இறங்கியிருக்கிறது, நான் அறுத்தால் பிரேமும் சேர்ந்து போய்விடும், எங்கே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அடித்தவருக்குத்தான் தெரியும், அவரிடமே கொண்டு போங்கள் என்றார். நான் வேறு கடை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அவர்கள் யோசிக்காமல் அறுப்பார்கள் என்றார்.

திரும்பி வரும்போது சைக்கிள் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. எனக்கு மனசு லேசாக இல்லை. ஒரு மனுஷரிடம் போய், கேட்டதையே இரண்டாம் தடவை கேட்க வேண்டும்.

அவர் பால்கனியில்தான் இருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மகள் சமையல்கட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள், கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"அச்சுல நீங்க அடிச்ச தகட்டைப் பாய் எடுக்க முடியலியாம். அவ்வளவு நல்லா புடிச்சிருக்குதாம்."

"புடிக்காம?"

"அடிச்சவருதான் எடுக்கணுமாம்."

அவர் துணிக்கொடியில் கிளிப்பை ஒன்றொன்றாகத் தள்ளினார். "எடுத்துட்டு, பாதி வழில சக்கரம் கழண்டுக்கினா?"

"கழண்டா நடந்து வருவேன்."

"நடந்து வருவ. லாரிக்காரன் பாக்கணுமே உன்ன. வடலூர் ரயில்வே கேட்டுகிட்ட எவ்ளோ வண்டி நிக்குது தெரியுமா? நீ பாட்டுக்குக் குச்சிமேல உக்காந்துகினு போற மாதிரி போற."

அவர் அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. அங்கே எவ்வளவு வண்டி நிற்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மகள்தான் உள்ளேயிருந்து சொன்னாள்.

"வியாழக்கிழமை அப்பா சாப்பிடறதே இல்லம்மா. பசிக்கலம்பாரு. நீ வந்து சைக்கிள நிறுத்தற சத்தம் கேட்டதும் சோறு போடும்பாரு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் வந்ததும் அவர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். லேட்டாகச் சாப்பிடுகிற பழக்கம் ஷிப்டில் வந்தது என்று நினைத்திருந்தேன்.

கொடியில் ஒரு கிளிப்பை நானும் தள்ளினேன். பின்னால் சிவப்புத் தகடு ஒன்று அடித்தீர்களே, வெளிச்சம் பட்டால் பளபளக்குமே, அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். முன் விளக்கு என்றார். வேண்டாம் என்றேன். சின்னதாக என்றார். பேட்டரி இல்லாததாக இருந்தால் பார்க்கலாம் என்றேன். மணி என்றார். மணி ஏற்கெனவே இருக்கிறது என்றேன். அது கேட்கவில்லை என்றார். உங்களுக்குக் கேட்காது என்றேன். சமையல்கட்டில் கரண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டு போனார். நானும் கூடப் போனேன். என்னை எட்டி உட்காரச் சொன்னார், பொறி பறக்கும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிரைண்டரைப் பிடித்தார். தகட்டை அறுக்கவில்லை, நகத்தால் அழுக்கெடுக்கிற மாதிரி ஓரம் ஓரமாகச் சுரண்டிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார், மறுபடி பிடித்தார். வைக்கிறதற்கு ஆன நேரத்தை விட எடுக்கிறதற்கு அதிகம் ஆனது. பட்டறைக்காரர் இரண்டு தடவை டீ வாங்கிக்கொண்டு வந்தார். முன் சக்கரத்து லீவர் வெளியே வந்ததும் எங்க வூட்டுக்காரர் அதை விரலால் மடக்கினார். சக்கரம் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இவ்வளவுதானா என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆங்கிளையும் எடுத்தார், ஸ்டாண்டையும் எடுத்தார். ஆங்கிள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. அவருடைய கை தகட்டுப் பக்கம் போனது. நான் இருமினேன். கை திரும்பி வந்தது. அந்த ஓட்டைக்குப் பச்சைப் பெயிண்டு மட்டும் அடித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் படி ஏறினேன். யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் இருந்தார்கள். கீழ்வீட்டுக்காரம்மா துளசி மாடத்துக்கு விளக்கு வைக்க வந்தவர் வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. மகள் மேல் படியில் நின்றாள். மாப்பிள்ளை இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார். நான் லீவரை மடக்கி முன் சக்கரத்தை எடுத்தேன். செயினைத் தள்ளிப் பின் சக்கரத்தை எடுத்தேன், கை கறுப்பானது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் போய் மகளுடைய காலடியில் வைத்தேன்.

"இது கணக்குல வராதும்மா. நான் சைக்கிளத்தான் சொன்னேன்."

"மீதி கீழ இருக்குது. இரு, எடுத்துகினு வரேன்."

"பிரிச்சுக் கொண்டாறதா பேச்சு?"

"நீ அப்படிச் சொல்லல. சொன்னியா?"

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். சொல்லவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். நல்ல மனுஷர் என்று முன்னாலேயே சொன்னேன்.

கீழே வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பிரேமுக்குள் கையை விட்டு, நடுக்கம்பியைத் தோளில் வைத்தேன். எழுந்தது. அது எழுந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மேலே போய்விடுவேன் என்று. ஆனால் அவசரப்படவில்லை. படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினேன். திருப்பத்தில் கைப்பிடி சுவரில் இடித்து, சுண்ணாம்பு என் தலையில் விழுந்தது. நின்று, மூச்சு விட்டு, உடம்பை ஒருக்களித்துத் திரும்பினேன். பின்னால் ஏதோ ஒரு நிழல் ஏறி வந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. மகள் மேலேயிருந்து அதட்டினாள்.

"அப்பா, தொடாதீங்க."

"எங்க தொட்டேன்? பாரு."

தொடவில்லைதான். அப்புறம் மாப்பிள்ளை சொன்னார், இரண்டு கையையும் எனக்குப் பின்னால் முறம் ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டே ஏறி வந்தாராம், ஒரு விரல்கடை இடைவெளி விட்டு.

மேலே போய் ஹாலில் இறக்கினேன். சுவரில் சாய்த்தேன். சக்கரத்தை மாட்டினேன், முன்னது உடனே மாட்டியது, பின்னது செயினில் சண்டித்தனம் செய்தது, யாரையும் கிட்டே வர விடவில்லை. மாட்டி முடித்துச் சுற்றிவிட்டேன், ஓடியது. மகள் ஒரு பழைய சாக்கைக் கொண்டு வந்து சக்கரத்துக்கு அடியில் விரித்தாள். தரை கறையாகும் என்றாள். டீ போட்டாள், எனக்கு மட்டும் சர்க்கரை சரியாக இருந்தது.

கீழ்வீட்டுக்காரம்மா அன்று ராத்திரி ஒரு கிண்ணத்தில் பால் பாயசம் அனுப்பினார். மாடத்துப் பக்கம் காலியானதற்கா, நான் ஏறினதற்கா என்று தெரியவில்லை. குடித்தோம்.

வியாழக்கிழமை காலையில் குளித்து, அரிவாள்மணையைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். எங்க வூட்டுக்காரர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, பேப்பர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் சைக்கிள் பக்கத்தில் போய், அதையும் அவரையும் பார்த்தேன்.

"இன்னா பாக்கற?"

"எறக்குங்க."

"நானா? யாரும் தூக்கக் கூடாதுன்னு உன் பொண்ணு சொன்னாளே."

"ஏத்தறதுக்குச் சொன்னா. எறக்கறதுக்கு யாரு சொன்னாங்க?"

அவர் பேப்பரை நாலாக மடித்து டீவி மேல் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். லீவரை மடக்கிச் சக்கரத்தை எடுக்கலாம் என்று சொன்னேன், காதில் விழாத மாதிரி முழுசாக அப்படியே தூக்கித் தோளில் வைத்தார். நான் அரிவாள்மணையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். கீழே கொண்டு போய்த் தெருச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். இரண்டு அச்சையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், லீவரை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், பின்னால் இருக்கிற சிவப்புத் தகட்டைத் துண்டால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ குறை கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்.

"கனமே இல்லியே இது."

ஆமாம் என்று ஏறி மிதித்தேன்.